நட்டு இறுகியது, ஸ்டியரிங் இறுகவில்லை
(மஞ்சக்குட்டையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் பெரும்பாலும் வந்திருப்பீர்கள். குப்பனூர் வழியாக வந்த புத்திசாலிகளை விட்டுவிடுகிறேன். அந்த 20 வளைவிலும் உங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது ஸ்டியரிங்குக்கு நடுவில் மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு நட்டு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "தொழில் முனைவு" என்று தலைப்புக் கொடுத்த செயலாளர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் அப்பாவிடம் 1994 மாடல் கான்டெஸா ஒன்று இருக்கிறது. தம்பிகள் பலர் அந்த வண்டியைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் என்ற காரின் உடம்பை வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்தது. 2002-இல் உற்பத்தி நின்றது. நீண்ட மூக்கு, அகன்ற தோள். அதனால் "இந்தியாவின் மசில் கார்" என்று பெயர் வாங்கிவிட்டது. 1964-இல் அமெரிக்காவில் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு 6.4 லிட்டர் வி-8 என்ஜின். நம்ம வண்டிக்கு 1.8 லிட்டர் இசுசு. மசில் எல்லாம் பார்வைக்குத்தான்! இருந்தாலும் அப்பாவிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

வெயில் பட்டுப் பட்டு அதன் ஸ்டியரிங் வெடித்துவிட்டது. அப்பாவின் விரலை அறுத்தது. லெதர் சுற்றிய புது ஸ்டியரிங் வாங்கினேன். இந்தக் கடை ஸ்டியரிங் எதுவும் காரின் தண்டில் நேராக உட்காராது. நடுவில் அடாப்டர் வேண்டும், கடையில் பாஸ் என்பார்கள். ஒரு பக்கம் தண்டின் ஸ்ப்லைன் பற்களில் கோக்கும். மறு பக்கம் ஆறு போல்ட்டில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும். அந்த ஆறு ஓட்டைகளும் இருக்கும் வட்டம் சில கம்பெனிக்கு 70 மி.மீ., சிலதுக்கு 74. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருந்தவில்லை என்றால் ஓட்டையை அரத்தால் ராவி நீட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

கான்டெஸாவுக்கு ரெடிமேட் பாஸ் எனக்குக் கிடைக்கவில்லை. வரைந்துவிட்டால் போகிறது, நாம் என்ன படித்தோம்? பேட்டரி வயரைக் கழற்றி, முன் சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் ஹப்பிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டேன். நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டுத்தான் புல்லர் போட்டேன். இல்லாவிட்டால் ஸ்டியரிங் முகத்தில் வந்து மோதும். சுத்தியலால் தட்டவே இல்லை, தண்டின் பேரிங் போய்விடும். எல்லாம் புத்தகப்படி. பற்களை மூன்று தடவை எண்ணினேன். ஹாரன் தொடும் பித்தளை வளையம், வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரைத் தள்ளிவிடும் சின்ன நாக்கு இரண்டையும் மறக்கவில்லை. வெர்னியர் வைத்து அளந்து, படம் போட்டு, சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அச்சு அசலாகச் செய்து தந்தார்கள்.

மாட்டி, நட்டை இறுக்கினேன். கும்மென்று நின்றது. மறுநாள் அப்பாவே ஓட்டினார். எங்களுக்கு மஞ்சக்குட்டையில் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மலை ஏறும்போது ஏழாவது வளைவில் "டக்" என்று ஒரு சத்தம். அடுத்த வளைவிலும். அப்பா, "என்னடா இது, சொடக்கு விடுது?" என்றார். "புதுசுப்பா, செட் ஆகும்" என்றேன். பொறியாளன் சொன்ன பதிலா அது?

மஞ்சக்குட்டையில் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் எதுவும் பேசவில்லை. நட்டைக் கழற்றி, அதன் அடிமுகத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, திரும்ப முழு பலத்தோடு இறுக்கினார். மறுபடி கழற்றினார். "ஹப்பைத் தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டேன். ஒரு பொட்டு கிரீஸ்கூட ஒட்டவில்லை.

நட்டு ஹப்பைத் தொடவே இல்லை! மரை முடியும் இடத்தில் போய்ச் சிக்கி நின்றிருக்கிறது. என் கைக்கு அது இறுக்கமாகத் தெரிந்தது. பழைய ஹப்பில் நட்டு உட்காரும் முகத்திலிருந்து அளக்காமல், வெளி விளிம்பிலிருந்து அளந்திருக்கிறேன். 2 மி.மீ. குறைவு. பற்கள் திருப்பு விசையைத் தாங்கிக்கொண்டன, ஆனால் ஹப்பை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு வளைவிலும் அது மேலும் கீழும் ஆடியிருக்கிறது. ஆட ஆடப் பல் தேயும், அதிர்வில் நட்டும் கழன்றால் ஸ்டியரிங் கையோடு வந்துவிடும்.

"தடிமனா ஒரு வாஷர் போட்டா இறங்கிடலாமா?" என்று கேட்டேன். "நீங்க தனியா போறதுன்னா உங்க இஷ்டம். அப்பாவை வச்சுக்கிட்டு வேண்டாமுங்க" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் இறங்கினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வெடித்துப்போன பழைய ஸ்டியரிங்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, மாட்டி, வண்டியை இறக்கினேன். லேத் பட்டறையில், "நீங்க குடுத்த அளவுதானுங்களே சார்" என்றார்கள். உண்மை. படத்தின் கீழே இருந்தது என் கையெழுத்து.

இரண்டாவது பாஸை நட்டு உட்காரும் முகத்திலிருந்து அளந்து வரைந்தேன். ஸ்டியரிங்கையும் மாற்றினேன், அதில் இன்னொரு தப்பு இருந்தது. அழகுக்காக 350 மி.மீ. வாங்கியிருந்தேன். பழையது 400. விட்டம் குறைந்த அளவுக்குக் கைவிசை ஏறும்: 400-ஐ 350-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, அப்பாவுக்கு 68 வயது, தோள்வலி வேறு. முதல் வருடப் பாடத்துக் கணக்கு இது. இப்போது மாட்டியிருப்பது 380. கூடுதல் 5 சதவீதம்தான்.

இறுக்குவதற்கு முன் கிரீஸ் தடவிப் பார்த்தேன். இந்தத் தடவை ஹப்பில் முழு வட்டமாக ஒட்டியது. துடைத்துவிட்டு டார்க் ரென்சில் முடுக்கினேன். அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டியரிங்கை மேலும் கீழும் பிடித்து இழுத்துப் பார்த்தார், "ம்" என்றார். எனக்கு வந்த சான்றிதழ்களில் அந்த "ம்"முக்குத் தனி இடம்.

முதல் பாஸைத் தூக்கி எறியவில்லை, இன்று கொண்டுவந்திருக்கிறேன். மெக்கானிக்கல் தம்பி தங்கைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னியரோடு வாருங்கள், எந்த முகத்திலிருந்து அளப்பது என்று பார்ப்போம். கான்டெஸா வெளியே வேப்பமரம் இல்லாத ஒரே நிழலில், சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கிறது. அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். சாவி அவரிடம், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அவரைத்தான் கேட்க வேண்டும்.