“என்ன வேணும்?” என்று கேட்கும் வகுப்பறை

(மயிலாப்பூர் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடையாற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். உணர்வுகளைப் பற்றிச் சொல்லித்தர நானும் முகப்படங்களில்தான் தொடங்கினேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம். காலையில் வந்ததும் தன் பெயர்ச்சீட்டை ஏதாவது ஒரு முகத்தின் கீழே ஒட்ட வேண்டும். ஒரு பையன் தினமும் கோபத்தின் கீழேயே ஒட்டினான். முதல் பாடவேளையில் பக்கத்துப் பையனை அடிக்கவும் செய்தான். “கோபம்னு ஒட்டிட்டா அடிக்கலாமா?” என்று நானும் தினமும் கேட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. அவனுடைய உணர்வு எனக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் உரையாடலுக்கு நான்கு படிகள் சொன்னார். நடந்ததைச் சொல்வது, உணர்வைச் சொல்வது, அதன் பின்னால் இருக்கும் தேவையைச் சொல்வது, வேண்டுகோள் வைப்பது. நாம் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறோம். தொல்காப்பியம்கூட எட்டு மெய்ப்பாடுகளோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்கு வைக்கிறது. அழுகை பிறக்கும் நான்கில் வறுமையும் ஒன்று. தமிழாசிரியர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

சரி, செயல்பாட்டுக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் சொந்தக் கதை கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்; இல்லாவிட்டால் ஒரு வீட்டு விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். அதனால் எல்லோரும் பார்த்திருக்கும் ஓர் ஆளை எடுத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம், தி.நகர் ரங்கநாதன் தெரு, துணிக்கடை, இரவு எட்டு மணி. நாலாவது சட்டையையும் பிரித்துக் காட்டச் சொன்னதும் கடையில் விற்கிற அக்கா, “என்னதாம்மா வேணும் உங்களுக்கு?” என்று எரிந்து விழுகிறார். இரண்டு பேர் நடித்தார்கள். பார்த்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு: மஞ்சளில் அக்காவின் உணர்வு, பச்சையில் அவருடைய தேவை.

மஞ்சள் சீட்டுகள் உடனே வந்தன. கோபம், கடுப்பு, காண்டு, பேஜார். தயவுசெய்து இதைத் திருத்தாதீர்கள். கோபத்துக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் விளக்கியபோது நான்தான் கற்றுக்கொண்டேன். பச்சைச் சீட்டுகளில் ‘தண்ணி’, ‘லீவு’, ‘சம்பளம்’ என்றெல்லாம் இருந்தன. இரண்டு பேர் ‘பொறுமை’ என்று எழுதியிருந்தார்கள். அது அக்காவுக்குத் தேவையா, அக்காவிடம் நமக்குத் தேவையா என்று கேட்டேன். நல்ல சண்டை நடந்தது.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி ‘நாற்காலி’ என்று எழுதியிருந்தாள். நான் காரணம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: “எங்கம்மா வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவத்து மேல தூக்கி வெச்சுக்குவாங்க மிஸ். அப்புறம்தான் பேசவே ஆரம்பிப்பாங்க.”

அதற்குப் பிறகுதான் சட்டத்தைச் சொன்னேன். கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. கேரளம் 2018-இலேயே திருத்தியது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் அதற்காகப் போராடியிருந்தார்கள். அவர்கள் கோபத்தை மட்டும் காட்டியிருந்தால் அடங்காதவர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். உட்கார வேண்டும் என்று கேட்டார்கள்.

மறுநாள் அந்தப் பையன் தானாகவே ஒரு பச்சைச் சீட்டு கேட்டு வாங்கினான். ‘உப்புமா’ என்று எழுதிக் கொடுத்தான். வீடு பெரும்பாக்கத்துக்கு மாறிய பிறகும் பழைய பள்ளிக்கே பேருந்தில் வருகிறவன். அவன் வந்து சேர்வதற்குள் காலை உணவு முடிந்துவிடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உணவு என் வகுப்பிலிருந்து முப்பதடி தூரத்தில் இருந்தது. மூன்று வாரம் நான் அவனிடம் அடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியரிடம் பேசி, அவனுக்கு ஒரு தட்டு மூடி வைக்க ஏற்பாடு செய்தோம். அடிப்பது குறைந்தது. அடியோடு நின்றது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஒரு சீட்டில் ‘அப்பா’ என்று இருந்தது. அதற்கு என்னிடம் தட்டு இல்லை. இடைவேளையில் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதனால் சீட்டுகளை வகுப்பில் சத்தமாகப் படிக்காதீர்கள்; எழுத விரும்பாதவரை விட்டுவிடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி 1098-ஐ அழையுங்கள். நாமே விசாரணை நடத்த வேண்டாம். மதிப்பெண் கிடையாது. எமிஸில் ஏற்றவும் வேண்டாம், அது ஒரு நிம்மதி!

மஞ்சளும் பச்சையுமாக இரண்டு சார்ட் வாங்கினால் ஒரு மாதத்துக்கு வரும். என் பையில் கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள்.