உடன் ஏறியவர் எழுதிய ஒரு வரி



பயண இலக்கியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் நூலை எழுதியவரோடு நின்றுவிடுகிறது. உடன் சென்றவரைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. உடன் சென்றவர் இல்லாவிடில் அந்நூலே தோன்றியிராது என்பதற்குத் தெளிவான சான்றாக நிற்பது, அமெரிக்க நாட்டின் மேற்குப் பாலைநிலத்தில் 1869ஆம் ஆண்டு இருவர் மேற்கொண்ட ஒரு மலையேற்றம்.

அவ்வாண்டு மே 24ஆம் நாள், வயோமிங் பகுதியிலுள்ள கிரீன் ரிவர் என்னும் ஊரிலிருந்து பத்துப் பேர் நான்கு படகுகளில் புறப்பட்டனர். கிரீன் ஆற்றின் வழியே கொலராடோ ஆற்றை அடைந்து, நிலப்படத்தில் வெற்றிடமாகக் கிடந்த பெரும்பள்ளத்தாக்குகளை ஆராய்வது நோக்கம். தலைவர் ஜான் வெஸ்லி பவல், நிலவியல் பேராசிரியர். 1862இல் ஷைலோ போர்க்களத்தில் குண்டடிபட்டு வலக்கையை இழந்தவர். குழுவில் ஒருவர் ஜார்ஜ் பிராட்லி. பவலின் முயற்சியால் படைப்பணியிலிருந்து விடுபட்டு இப்பயணத்தில் சேர்ந்தவர்.

ஆற்றோடு மட்டும் சென்றால் நிலத்தை அறிய இயலாது. ஆகவே பவல் வாய்த்த போதெல்லாம் கரைப்பாறைகளின் மேல் ஏறினார். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். முகட்டிலும் முகாமிலும் காற்றழுத்தமானி காட்டும் அளவுகளை ஒப்பிட்டு மலையின் உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் அம்மலைகளில் தடம் என்று ஒன்று கிடையாது. ஓடை அரித்த பிளவில் நுழைந்து, படிபோல் நீண்ட பாறைவிளிம்பில் நடந்து, அது முடியுமிடத்தில் அடுத்த விளிம்பைத் தேட வேண்டும். ஏறுபவருக்குப் பிடி கண்முன்னே தெரியும். இறங்குபவரின் காலோ காணாத இடத்தைத் துழாவும். ஏறிய வழியே திரும்ப இயலாமற் போவதுதான் அங்கே பேரிடர். இரு கையும் இரு காலும் உடையவர் மூன்றை ஊன்றி நான்காவதை நகர்த்துவார். பவலுக்கு இருந்தவை மூன்றே. ஒவ்வோர் அசைவிலும் அவர் இரண்டை நம்பியே நின்றார்.

1875இல் வெளிவந்த தம் நூலில் பவல் அந்த ஏற்றத்தை விரித்துரைக்கிறார். யாம்பா ஆறு கிரீன் ஆற்றோடு கூடுமிடத்தில் நிற்கும் பெரும்பாறை. நாள் ஜூன் 18. பிராட்லியும் அவரும் 600, 800 அடி ஏறியபின் செங்குத்துச் சுவர் எதிர்ப்படுகிறது. உச்சியை நெருங்கும் வேளையில் பவல் தாவி ஒரு சிறு பிளவில் காலை ஊன்றி, தலைக்கு மேலிருந்த பாறைமுனையைப் பற்றுகிறார். அதன்பின் மேலே செல்லவும் வழியில்லை. கையை விடாமல் கீழே கால் வைக்கவும் வழியில்லை. பிராட்லி வேறொரு வழியே அவர் தலைக்கு மேலுள்ள பாறையை அடைகிறார். கை எட்டவில்லை, மரக்கிளை தேடினால் அதுவும் இல்லை. காற்றழுத்தமானியின் உறையை நீட்டலாமா என்கிறார். அதைப் பற்றி நிற்க முடியுமா என்று பவல் அஞ்சுகிறார். கால் தசைகள் நடுங்கத் தொடங்குகின்றன. கீழே 60, 80 அடிப் பள்ளம். அப்போது பிராட்லி உள்ளே அணிந்திருந்த நீண்ட காற்சட்டையைக் கழற்றித் தொங்கவிடுகிறார். பவல் உடலைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, இருந்த ஒரு கையையும் விட்டுவிட்டு, அத்துணியைப் பற்றி மேலேறுகிறார்.

பிராட்லியும் நாட்குறிப்பு எழுதி வந்தார், தோழர்கள் அறியாமலே. உணவு குறைந்தும் ஆய்வுக்காகக் காலம் தாழ்த்துவதைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பேணாததைப் பற்றியும் தலைவரைக் குறைகூறும் வரிகள் அதில் உண்டு. ஆனால் தலைவரின் உயிரைக் காத்த செய்தி ஒரே வாக்கியம்: ஒற்றைக்கையர் ஆதலால் ஏற இயலவில்லை, உள்ளாடை நல்ல கயிறாக உதவிற்று, அவர் நலமாக மேலே வந்தார் என்ற அளவில் முடிகிறது. பிராட்லி 1885இல் மறைந்தார். அவர் மறைந்து 62 ஆண்டுகள் கழித்து, 1947இல்தான் அக்குறிப்பு அச்சேறியது.

அச்சேறியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பிராட்லியின் குறிப்பில் அந்நிகழ்ச்சிக்குரிய நாள் ஜூலை 8. இடம், ஆற்றில் வெகுதொலைவு கீழே உள்ள டெசொலேஷன் பள்ளத்தாக்கு. பவல் அதனைப் பெயர்த்து, தனியே உயர்ந்து நிற்கும் எழிலான ஒரு பாறையின் மேல் அமைத்துவிட்டார். அன்றன்றே எழுதியது போல் நூல் நிகழ்காலத்தில் நடக்கிறது. உண்மையில் ஆற்றில் அவர் எழுதிய குறிப்புகள் மிகச் சுருக்கமானவை.

இதைவிடப் பெரிய மாற்றமும் உண்டு. 1871, 1872 ஆண்டுகளில் பவல் வேறொரு குழுவோடு மீண்டும் அவ்வாற்றில் சென்றார். அப்பயணத்தில் கண்டவற்றுள் சில 1869ஆம் ஆண்டுக் கதையோடு கலந்தன. உடன் உழைத்தோர் பலரின் பெயர்கள் நூலில் இடம்பெறவில்லை. அவர்களுள் ஒருவரான பிரெடரிக் டெலன்பா 1908இல் தனிநூல் எழுதி அக்குறையைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

பவலை இகழ்வதற்காக இவை கூறப்படவில்லை. தலைவர் ஒருவர் தாம் நடுங்கி நின்றதையும், உள்ளாடையால் உயிர் பிழைத்ததையும் மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை, காத்தவர் பெயரையும் சொன்னார். அந்நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் கேள்வி எஞ்சுகிறது. கற்பனைக்கு உரிமை எதுவரை?

கவிதை ஒரு மலையை இடம்பெயர்க்கலாம். அதனால் எவர் காலும் இடறாது. வழியுரைக்கும் நூலுக்கு அவ்வுரிமை குறைவு. மலைவழியின் ஏதங்களைப் பின்வருவோர்க்கு முன்னரே சொல்லும் மலைபடுகடாத்தைக் கற்றவர்க்கு இது புதிய கருத்தன்று. பவலின் நூலை நம்பி அப்பிளவைத் தேடுபவர் தவறான பாறையில்தான் தேடுவார். இடம் மாறியதையாவது இன்னொரு குறிப்பு திருத்திவிட்டது. பெயர் விடுபட்டவர் குறிப்பு எழுதாதவராயின், அவரை மீட்க வழியே இல்லை.

அன்பர்களே, இம்மலரும் ஒரு பயணநூலே. பத்தாண்டுக் கூட்டங்களில் விரித்துரைத்தவர்களின் பெயர்கள் இதில் எளிதில் இடம்பெறும். அழைப்பிதழ் எழுதி அஞ்சலில் சேர்த்தவர், மழைநாளில் அரங்கைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர், அச்சகத்திற்கு நடந்தவர் ஆகியோர் தம்மைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். மலர் அச்சேறுமுன் அவர்கள் பெயர்களைக் கேட்டறிந்து, உரிய ஆண்டோடு சேர்த்து எழுதிவிடுவது இவ்வட்டத்தின் கடமை.