மூவாறு கூடும் நகரிலே படகோட்டம்



ஓர் ஆறு யாருக்கு உரியது? வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவனுக்கா, வலை வீசுபவனுக்கா, ஆலை நடத்துபவனுக்கா, அன்றிக் கரையிலே வாழும் எல்லார்க்குமா? இவ்வினாவுக்குச் சட்ட நூல்களிலே விடை தேடுவோர் உளர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிற்ஸ்பேர்க் நகரத்தார் சிலரோ, படகும் தண்டும் கொண்டு இதற்கு விடை கண்டனர். அவர்தம் முயற்சியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

பிற்ஸ்பேர்க், மூன்று ஆறுகளின் நகரம். வடக்கேயிருந்து அலிகெனி ஆறும் தெற்கேயிருந்து மொனொங்கஹேலா ஆறும் வந்து ஒன்று கலக்கின்றன. அவ்விடத்திலே ஒகையோ என்னும் பேராறு பிறக்கின்றது. மலைகளிலே நிலக்கரி, ஆற்றிலே அதனைச் சுமந்து செல்லும் பாரப்படகுகள், கரையிலே உருக்கை வடிக்கும் உலைகள். இவற்றால் அந்நகரம் உலகப் புகழ் எய்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அந்நகரத்தார் படகோட்டத்திலும் பேர் பெற்றிருந்தனர். அவ்வூர் வீரரான ஜேம்ஸ் ஹாமில், 1866ஆம் ஆண்டிலே கடல் கடந்து இங்கிலாந்து சென்று, தைன் ஆற்றிலே ஹரி கெலி என்பவரோடு போட்டியிட்டார். தோற்றாரெனினும் புகழோடு நினைக்கப்பட்டார். ஆனால் அக்காலத்துப் பெரும் போட்டிகள் பணயம் வைத்து நடத்தப்பட்டவை. கரையிலே நின்றோர் பந்தயம் கட்டினர். பந்தயம் புகுந்த இடத்திலே வஞ்சனையும் புகுந்தது. நாளடைவில் அவ்விளையாட்டின் ஒளி மங்கிற்று. ஆற்றங்கரையோ ஆலைகளுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் உரியதாயிற்று. ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும் ஆற்றிலே விழுந்தன. கரையிலே வாழ்ந்தவர்களே ஆற்றை மறந்து வாழப் பழகிவிட்டனர்.

1980ஆம் ஆண்டையடுத்து உருக்குத் தொழில் சரிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை இழந்தனர். 1984ஆம் ஆண்டிலே, மொனொங்கஹேலாக் கரையிலிருந்த 'டொறதி ஆறு' என்னும் பெயர்பெற்ற பேருலை அணைக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் 'திறீ றிவர்ஸ் றோயிங் அசோசியேஷன்' என்னும் சங்கம் அந்நகரிலே தோன்றியது. தமிழிலே அதனை மூவாற்றுப் படகோட்டச் சங்கம் எனலாம். அது இலாபம் கருதாத சங்கம்.

படகோட்டத்துக்குச் சங்கம் எதற்கு, படகொன்று இருந்தாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். இங்கேதான் செய்தி இருக்கின்றது. எட்டுப்பேர் தண்டு வலிக்கும் பந்தயப் படகு ஏறக்குறைய 60 அடி நீளமுடையது. அகலமோ இரண்டடி அளவே. சர்வதேச விதிப்படி அதன் எடை 96 கிலோகிராமுக்குக் குறையலாகாது. இத்துணை நீண்ட படகு இத்துணை இலேசாக இருக்க வேண்டுமாயின், அதனை மிக நுட்பமாகச் செய்தல் வேண்டும். ஆகவே புதிய படகொன்றின் விலை பல்லாயிரம் டொலராகும். அதனை வைக்க நீண்ட கொட்டகை வேண்டும். நீரில் இறக்க மிதவைத் துறை வேண்டும். பயிற்றுபவரும், அவர் உடன் செல்லும் இயந்திரப் படகும் வேண்டும். செல்வம் மிக்க கலாசாலையொன்று இவற்றையெல்லாம் தானே தேடிக்கொள்ளலாம். சாதாரணப் பாடசாலை என் செய்யும்?

பலர் கூடி ஒரு கொட்டகையைக் கட்டினால், பத்துப் பாடசாலைகளுக்குப் பத்துக் கொட்டகை வேண்டியதில்லை. காலையிலே வளர்ந்தோர் வலித்த படகை மாலையிலே மாணாக்கர் வலிக்கலாம். இதுவே அச்சங்கத்தின் அடிப்படை. பிற்ஸ்பேர்க் சர்வகலாசாலை, கார்னகி மெலன் சர்வகலாசாலை ஆகியவற்றின் குழுவினரும், உயர்தரப் பாடசாலை மாணவ மாணவியரும், தொழில் முடித்து வரும் ஊர் மக்களும் அதன் துறைகளிலிருந்து ஆற்றில் இறங்குகின்றனர். தண்டைக் கையால் தொட்டறியாதவர்க்கும் அங்கே தொடக்கப் பயிற்சி உண்டு.

அச்சங்கத்தின் படகுத்துறை ஒன்று அமைந்துள்ள இடமும் நினைக்கத்தக்கது. அலிகெனி ஆற்றின் நடுவே ஹேர்ஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. புகையிரதத்தில் ஏற்றிச் செல்லும் கால்நடைகளை 28 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி, தீனியும் நீரும் கொடுத்து இளைப்பாற்ற வேண்டும் என 1873ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அவ்வாறு கால்நடைகளை இறக்கும் பட்டிகள் பிற்காலத்தில் இத்தீவிலே அமைந்தன. இறைச்சித் தொழிலும் கொழுப்புருக்கும் தொழிலும் தொடர்ந்தன. அத்தொழில்கள் நீங்கியபின் தீவு பாழ்நிலமாகக் கிடந்தது. பின்னர் நகரத்தார் அதனைத் துப்புரவாக்கி, வாஷிங்டன் இறங்குதுறை எனப் பெயர் சூட்டி, வீடுகளும் நடைபாதைகளும் அமைத்தனர். 1753ஆம் ஆண்டின் இறுதியிலே, இளைஞரான ஜோர்ஜ் வாஷிங்டன், பனிக்கட்டி மிதந்த அலிகெனி ஆற்றிலே தெப்பத்திலிருந்து வீழ்ந்து, தீவொன்றிலே குளிரில் இராப்பொழுதைக் கழித்த நிகழ்ச்சியை அப்பெயர் நினைவூட்டுகின்றது. துர்நாற்றம் வீசிய அத்தீவிலேதான் இன்று பிள்ளைகள் படகைத் தோளிலே சுமந்து வந்து நீரில் இறக்குகின்றனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. பந்தயப் படகுக்கு வேண்டியது அலையடங்கிய நீர். பிற்ஸ்பேர்க்கிலே அந்நீரைத் தந்தது நிலக்கரி வாணிகமேயாம். கோடையில் ஆறு வற்றிப் பாரப்படகுகள் தரைதட்டாதிருத்தற்பொருட்டு, 1885ஆம் ஆண்டிலே டேவிஸ் தீவருகே ஒகையோவின் குறுக்கே முதலாவது அணையும் நீர்ப்பூட்டும் அமைக்கப்பட்டன. பின்னர் அதற்குப் பதிலாக எம்ஸ்வேர்த் அணை எழுந்தது. அணை தேக்கிய நீர் மேல்நோக்கிப் பரந்து, நகரருகே ஆற்றைக் குளம்போல் ஆக்கியது. கரியைச் சுமக்கத் தேக்கிய நீரிலே இன்று சிறுவர் தண்டு வலிக்கின்றனர்.

எனினும் எல்லாம் நலமே எனச் சொல்வதற்கில்லை. தண்டு வலிப்போர் படகு செல்லும் திசைக்கு எதிர்முகமாக அமர்ந்திருப்பர். முன்னோக்குபவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. பாரப்படகு தொடர்களோ நினைத்தவுடன் நிற்க வல்லவையல்ல. வசந்த காலத்திலே வெயில் காயும்போதும் நீர் உயிரைக் குடிக்கும் குளிராக இருக்கும். ஆகவே ஒழுங்குகளைச் சிறிதும் தளர்த்துதல் ஆகாது. இதனினும் பெரியது நீரின் தூய்மை. 1972ஆம் ஆண்டின் நீர்த் தூய்மைச் சட்டத்தாலும், ஆலைகள் மூடப்பட்டதனாலும் ஆறு பெரிதும் தெளிந்தது உண்மை. ஆயினும் மழைநீரும் மலநீரும் ஒரே குழாயிற் செல்லும் பழைய அமைப்பு அந்நகரிலே முற்றும் நீங்கவில்லை. பெருமழை பெய்தால் அழுக்கு இன்றும் ஆற்றில் வழிகின்றது.

இதனை அறிவிக்கச் சுகாதாரப் பகுதியார் இருக்கின்றனர். ஆனால் அறிவிப்பை வாசிப்பது வேறு. அந்நீர் தன் கையிலும் முகத்திலும் தெறிப்பது வேறு. ஆற்றிலே நாள்தோறும் இறங்கும் பிள்ளைக்கு ஆற்றின் அழுக்கு பிறர் செய்தியன்று. அப்பிள்ளை வளர்ந்து வாக்களிக்கும் குடிமகனாகும்போது, குழாய் திருத்துவதற்குப் பணம் ஒதுக்கலாமோ என்ற கேள்வி எழுந்தால், அவன் சொல்லும் விடை எத்தகையதாயிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1987ஆம் ஆண்டு தொடங்கி, 'ஒகையோவின் தலை' என்னும் பெயரிலே இலையுதிர்காலப் போட்டியொன்று அங்கே நடைபெற்று வருகின்றது. படகுகள் ஒருங்கே புறப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். முற்காலத்திலே கரையில் நின்றோர் பணத்துக்காக ஆர்ப்பரித்தனர். இன்று தந்தையர் தாயர் தம் பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூவுகின்றனர்.

எட்டுப்பேர் படகிலே ஒருவன் மாத்திரம் வலியவனாயிருத்தல் பயன் தராது. எட்டுத் தண்டும் ஒரே கணத்தில் நீரிற் புக வேண்டும். ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒருவன் பிந்தினால் படகே ஆட்டங்காணும். பாடசாலைகள் கூடிப் படகு வைத்திருப்பதும் அதுபோன்றதே. தனித்தனியே நின்றால் ஆறு சிலருக்கு உரியதாகும். கூடி வலித்தால் அது எல்லார்க்கும் உரியதாகும். தொடக்கத்திலே கேட்ட வினாவுக்குப் பிற்ஸ்பேர்க் நகரத்தார் கண்ட விடை இதுவே.