ஓவியக் கல்வியும் கைப்பொருளறிவும்

(நம் சங்கத்தின் தருமபுரிக் கிளையினர் கூட்டிய கல்விக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை உங்கட்கு எடுத்துரைத்தல் கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆதலின் அதனை விடுத்து, நம்மவர் பலர் இதுகாறும் கல்வியென்றே கருதாத ஒன்றனைப் பற்றிப் பேசத் துணிந்தேன். ஓவியம், சிற்பம் முதலிய கவின்கலைகளைக் கல்லூரியிற் சேர்ந்து அடிப்படையினின்றும் முறையாகப் பயிலுதலே அது.

நம் சங்கத்தின் கல்வி நிதியால் நம் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் சட்டமும் கற்று முன்னேறி வருகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும், படம் எழுதுவதிற் கைவந்த ஒரு பிள்ளை, “யான் ஓவியக் கல்லூரியிற் சேர விரும்புகின்றேன்” என்று சொல்லின், வீட்டில் மூன்று விடைகள் எழுகின்றன. “அது பிறவியில் வரும் வரம், கற்பதற்கு அதில் என்ன உண்டு?” என்பது ஒன்று. “அது நம் குலத்தொழில் அன்றே!” என்பது மற்றொன்று. “அது சோறு போடுமா?” என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கற்பதற்கு என்ன உண்டு என்பது. கவின்கலை மாணாக்கன் தொடக்கத்திற் கற்பது அழகிய படம் எழுதுதலன்று. பொருள்களின் இயல்பை அறிதலும், கண்டதைக் கண்டவாறு கோட்டில் நிறுத்தலுமே அவனுக்கு முதற்பாடம். நம் பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் பென்சிலையே எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் இருப்பது ஈயம் அன்று. கிராபைட் என்னும் கரிப்பொருளைக் களிமண்ணோடு கலந்து சூளையிற் சுட்டுச் செய்தது அது. இம்முறையை 1795-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கோந்தே என்பார் கண்டனர். களிமண் மிகுமாயின் கோல் வன்மையுற்றுக் கோடு வெளிறும். கிராபைட் மிகுமாயின் கோல் மென்மையுற்றுக் கோடு கறுக்கும். பென்சிலின்மேல் ‘எச்’ என்றும் ‘பி’ என்றும் பொறித்திருப்பதன் கருத்து இதுவே. வீடு கட்டும் பொறியாளனுக்கு முன்னது வேண்டும். முகத்தின் நிழலைத் தீட்டுவோனுக்குப் பின்னது வேண்டும்.

அடுத்தது கரிக்கோல். மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமற் சுட்டுக் கரியாக்கி, அதனால் வரைவர். அது விரல் பட்டாலே கலையும். ஆதலின் வரைந்து முடித்த பின்னர்ப் பிசின் கலந்த நீர்மத்தை மெல்லத் தெளித்து அதனை நிலைநிறுத்துவர். எளிதிற் கலையும் அந்தக் கரியே ஒளியையும் இருளையும் பிரித்தறியக் கற்பிக்கும் ஆசான் ஆகின்றது.

நீர்வண்ணம் என்பது நிறப்பொடியைப் பிசினிற் குழைத்தது. அப்பிசின் நம் புன்செய் வரப்புகளில் நிற்கும் வேல மரத்தின் இனத்தினின்றே கிடைப்பது. நீர்வண்ணத்திற் காகிதத்தின் வெண்மையே ஒளியாகும். ஒளி வேண்டிய இடத்தை முன்னரே எண்ணி விட்டுவைத்து, வெளிறிய நிறத்தினின்றும் அடர்ந்த நிறத்திற்குச் செல்லுதல் வேண்டும். பூசியபின் வருந்திப் பயனில்லை.

எண்ணெய் வண்ணமோ வேறு இயல்பினது. அதற்கு ஆளிவிதை எண்ணெய் வேண்டும். அது நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகிப் படலமாவது. தேங்காயெண்ணெயிற் குழைத்து எழுதினால், ஆண்டுகள் கழியினும் படம் இறுகாது. மேலும், அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். இதனை மாற்றிச் செய்தால், கீழ்ப்பூச்சு உலருமுன் மேற்பூச்சு உலர்ந்து வெடிப்புக் காணும். துணியின்மேல் நேரே எண்ணெய் படின் நாளடைவில் இழை இற்றுப்போம். ஆதலின் முதலிற் பசை பூசி, அதன்மேல் வெள்ளைப் பூச்சு இட்டு, அப்பாலே எழுதுவர்.

மண்ணின் பாடமும் இத்தகையதே. களிமண்ணைப் பலகாற் பிசைந்து உள்ளிருக்கும் காற்றை ஓட்டுதல் வேண்டும். உருவின் கனம் எங்கும் ஒத்திருத்தல் வேண்டும். நிழலில் மெல்ல உலர்த்துதல் வேண்டும். ஈரம் உள்ளே நிற்கச் சூளையில் வைத்தால், அது நீராவியாகி உருவைப் பிளந்துவிடும்.

அன்பர்களே! இவையெல்லாம் வரத்தால் வருவனவா? பொருளின் குணம் அறிதலும், கண்ணையும் கையையும் ஒருங்கு பழக்குதலும், பொறுமையும் அன்றோ இவற்றிற்கு வேண்டுவன? இயற்கையாக அமைந்த ஆற்றல் ஒருவனை வாயில்வரை கொண்டுவிடும். உள்ளே செலுத்துவது பயிற்சியே. கணிதமும் மருத்துவமும் எவ்வாறு கற்கப்படுகின்றனவோ, அவ்வாறே இதுவும் கற்கப்படுவது.

இவ்வடிப்படை நம் முன்னோர்க்குப் புதியதன்று. நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் வருகின்றது. வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவத்தை அது குறிக்கும். வண்ணத்திற்கு முன்னே கோடு என்னும் முறையை இச்சொல்லே காட்டுகின்றதன்றோ? ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்றும், மண்ணால் உருச்செய்வாரை ‘மண்ணீட்டாளர்’ என்றும் சிலப்பதிகாரம் வழங்குகின்றது. கண்ணால் அறிந்து வினை செய்தலும், மண்ணை அறிந்து உரு நீட்டலும் அப்பெயர்களிலேயே அடங்கியுள்ளன.

நம் மாவட்டத்தையே எண்ணிப் பாருங்கள். அதியமான் ஆண்ட தகடூர் இது. வீரர்க்கு எடுத்த நடுகற்கள் மலிந்த நிலம் இது. தருமபுரி அருங்காட்சியகத்துட் சென்றால் அவை வரிசையாக நிற்பதைக் காணலாம். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் அங்கே முதற்படி. நீராட்டுதலும் நடுதலும் வாழ்த்துதலும் அதற்குப் பின்னரே. உளி எடுக்குமுன் கல்லை அறிதல் வேண்டும் என்பதை இம்மண் நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது.

சேலம் செல்லும் வழியில் உள்ள அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலை உங்களிற் பலர் வழிபட்டிருப்பீர்கள். அதன் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. நிமிர்ந்து நோக்கியவர் எத்துணைப் பேர்? தமிழ்நாட்டில் இத்தகைய பழஞ்சுவர் ஓவியங்கள் பல, திருப்பணி செய்வோரின் நல்லெண்ணத்தாலேயே சுண்ணாம்புப் பூச்சில் மறைந்தன. தஞ்சைப் பெரிய கோயிலிற் பிற்காலத்து ஓவியப் பூச்சின்கீழ்ச் சோழர்கால ஓவியம் இருப்பதை 1931-ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்த வரலாறு நீங்கள் கேட்டதே. சுண்ணச் சாந்து இன்னது, வண்ணம் இன்னது, இதன்மேல் இது பூசலாகாது என்று அறிந்தவர் ஊருக்கொருவர் இருந்திருப்பின், இழந்தவற்றுட் பல நமக்கு எஞ்சியிருக்கும். ஆகவே இக்கல்வி வெறும் பொழுதுபோக்கன்று. முன்னோர் வைத்த செல்வத்தைக் காக்கும் கல்வியுமாம்.

இரண்டாவது, இது நம் குலத்தொழில் அன்று என்பது. குலத்தின் பெயரால் கூடிய இவ்வவையில் இதனை ஒளிக்காமற் பேசுதல் நன்று. பண்டு கல்லும் மரமும் செம்பும் பொன்னும் கையாளும் நுட்பம், தந்தையினின்றும் மகனுக்கே வந்தது. அவ்வினைஞர் அதனைக் காத்தமைக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும், அந்நுட்பத்தைப் பாடமாக வகுத்துப் பள்ளியிற் கற்பிக்கும் முறை நம் நாட்டில் வேரூன்றி நூற்றெழுபது ஆண்டுகட்கு மேலாகின்றன. அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகின்றது.

1929-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குத் தலைமையேற்ற தேவிபிரசாத் ராய் சௌதுரி, வங்க நாட்டில் ஜமீன் குடும்பத்திற் பிறந்தவர். களிமண் பிசைதலை அவர் இழிவென்று கருதினாரில்லை. சென்னைக் கடற்கரையில் நால்வர் பாறையைப் பெயர்க்கும் ‘உழைப்பாளர் சிலை’ அவர் கைவண்ணமே. அவர்க்குப்பின் 1957-இல் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், கலைப்பள்ளியிற் சேருமுன் தந்தி இலாகாவில் அலுவல் பார்த்தவர். கலைக்கு உரியவர் யாவர் என்பதைப் பிறப்புத் தீர்மானிக்கவில்லை, பயிற்சியே தீர்மானித்தது. முன்னாளில் நம்மவர்க்கு எழுத்தறிவும் உரியதன்று என்று சொன்னவர் உண்டு. அதனைப் பொய்யாக்கவே நம் சங்கம் தோன்றிற்று. எழுத்தின் வாயிலைத் திறந்த நாமே தூரிகையின் வாயிலை அடைத்தல் முறையாகுமா?

மூன்றாவது, சோறு போடுமா என்பது. பெற்றோர் வாயில் இது நியாயமான கேள்வியே. ஓவியம் ஒன்றையே விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டுவோர் சிலரே. இதனை மறைத்தல் தகாது. ஆயினும் வண்ணச் சித்திரம் ஒன்றே அங்குக் கற்பிக்கப்படுவதன்று. சென்னைக் கல்லூரியில் சிற்பம், சுடுமண் கலை, துணி வடிவமைப்பு, அச்சோவியம், காட்சித் தொடர்பு முதலிய துறைகளும் உள. நெசவாலையும் அச்சகமும் விளம்பர நிலையமும் திரைப்படமும் பள்ளிக்கூடமும் இக்கல்வி பெற்றோரை வேண்டுகின்றன. பணிக்கரும் அவர் மாணாக்கரும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் நிலம் வாங்கி, 1966-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். பொருளின் இயல்பை அறிந்த கை பட்டினி கிடவாது என்பதற்கு அவ்வூரே சான்று.

மாணவர்களே! இப்பட்டப்படிப்பு மேனிலைப் பள்ளிக்கல்விக்குப்பின் நான்கு ஆண்டுகள் கொண்டது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள. கோயிற் சிற்ப மரபைக் கற்க விரும்புவோர்க்கு 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் தோன்றிய கல்லூரி உண்டு. 2013-ஆம் ஆண்டின் சட்டத்தால் இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளது. சேர விரும்புவோர் இன்றே பழகத் தொடங்குங்கள். அச்சிட்ட படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வீட்டிலுள்ள செம்பையும் உரலையும் வைக்கோற்போரையும், திண்ணையில் அமர்ந்த பாட்டியாரையும் நேரே கண்டு நாள்தோறும் ஒன்று வரையுங்கள். அதுவே நுழைவுக்கும் பின்னை வளர்ச்சிக்கும் தக்க பயிற்சி.

இனிச் சங்கத்துப் பெரியோர்கட்கு என் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, நம் கல்வி நிதி விதிகளிற் கவின்கலை மாணாக்கர்க்கும் இடம் அளித்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வுதவி கல்லூரிக் கட்டணத்தோடு நில்லாமல், காகிதம், வண்ணம், தூரிகை, களிமண் ஆகியவற்றின் செலவையும் தழுவுதல் வேண்டும். ஏனைய மாணாக்கன் ஒரு நூலை வாங்கி ஆண்டு முழுவதும் படிப்பான். ஓவிய மாணாக்கன் வாங்கிய வண்ணமோ படிக்கப் படிக்கத் தீர்ந்துபோம். வறிய வீட்டுப் பிள்ளை பொருளில்லாமையால் பழகாது நிற்பானாயின், அவனைச் சேர்த்தும் பயனில்லை. மூன்றாவது, ஆண்மக்கட்குச் செய்வதைப் பெண்மக்கட்கும் செய்தல் வேண்டும். நம் வீட்டு முற்றங்களில் நாள்தோறும் புள்ளி வைத்து, அளவு பிழையாது கோலமிடும் கைகள் யாருடையவை? அக்கை கல்லூரியில் கோடு பயிலுதற்குத் தடை சொல்ல நமக்கு என்ன காரணம் உண்டு?

தாய்மார்களே! உங்கள் பிள்ளை சுவரிற் கரியால் கிறுக்கினால் அடிக்கும் முன் ஒருகால் உற்று நோக்குங்கள். அக்கரி, கல்லூரியில் அவன் கற்க வேண்டிய முதற் கருவி. அவனுக்குச் சுவரை மறுத்துக் காகிதத்தைக் கொடுங்கள். எஞ்சியதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லத்தக்க நிலையை இக்கூட்டமே உண்டாக்குதல் வேண்டும்.

என் விண்ணப்பத்தை அடுத்த நிருவாகக் குழுவின் ஆராய்ச்சிக்கு வைத்து அமர்கின்றேன்.