எஞ்சினைப் பிரிக்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

தூத்துக்குடி திரேஸ்புரத்து மீன் பெட்டியானாலும் சரி, உப்பளத்து மூட்டையானாலும் சரி, மில்லர்புரம் தாண்டிப் பாளையங்கோட்டை ரோட்டில் போகிற சரக்கு பலவற்றுக்கும் குட்டியானையும் பிக்கப்பும்தான் கதி. குட்டியானை என்கிற டாடா ஏஸ் விற்பனைக்கு வந்தது 2005இல். பத்து, பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் நம்மூரில் ஏராளம். அவர்கள் வாயில் வருகிற பேச்சு ஒன்றுதான்: "வண்டி முன்ன மாதிரி மைலேஜ் தரமாட்டேங்குது." உடனே டீசல் பம்பைக் கழற்றலாமா, நாசில் மாற்றலாமா என்று யோசனை ஓடும்.

கொஞ்சம் பொறுங்கள். கடற்கரை ஊரில் டீசலைக் குடிப்பது பல நேரம் எஞ்சின் இல்லை, சக்கரம்.

ஐஸ் உருகி வடிகிற மீன் தண்ணீர், உப்புத் தூசி, கடல் காற்று மூன்றும் சேர்ந்து வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கின்றன. பிரேக் சிலிண்டரும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்தால், காலை எடுத்த பிறகும் பிரேக் ஷூ முழுதாக விடுவதில்லை, டிரம்மை உரசிக்கொண்டே வரும். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள், பிரேக் பின்னாலிருந்து இழுக்கிறது. நடுவில் எரிவது உங்கள் காசு.

கண்டுபிடிப்பது சுலபம். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அழுத்தாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட்டுவிடாதீர்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் இல்லை. சரக்கு இறக்கிய கையோடு நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அடுத்தது காற்று. டயரில் காற்று குறைந்திருந்தால் சாலையில் அமுங்கி அமுங்கி உருளும், டீசலும் போகும், டயரும் தேயும். வாரம் ஒருமுறை, ஓடிச் சூடாகும் முன்பே, காற்றைப் பாருங்கள். உப்பளப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

பிறகு, ஓட்டுகிறவர் கால். நாற்கரச் சாலையில் 60இல் போகிற வண்டியை 80க்கு விரட்டினால், காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் இன்னும் மோசம், இழுத்துக் கட்டுங்கள். பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விடுகிற பழக்கம் வேண்டாம். கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்து தானே அடைபடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் செலவாகும். பாரம் ஏற்றிய வண்டியில் அது ஆபத்தும்கூட.

இதில் என்ன மிஞ்சும் என்கிறீர்களா? தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, லிட்டருக்கு 12 தந்தது 14 தந்தால், 25 நாளில் கிட்டத்தட்ட 30 லிட்டர் டீசல் மிச்சம்.

இந்த வாரமே டேங்கை முழுதாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டியபின் அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். சக்கரத்தைச் சரிசெய்த பிறகு இன்னொரு முறை கணக்குப் பாருங்கள். அதற்கும் தேறாவிட்டால் மட்டும் பம்பில் கை வையுங்கள்.