திரையில் நாம் காணும் மனிதர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் நாம் ஒரு நகைச்சுவை நாடகம் நடித்தோம். அதிலே ஒருவர் கட்டை ஊன்றி நொண்டி வந்தார். இன்னொருவர் சேலை உடுத்து, குரலை மெலிதாக்கிக் குலுங்கி நடந்தார். சபை கைகொட்டிச் சிரித்தது. அவ்வேளை பின் வரிசையில் இருந்த ஒருவர் தம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். போர்க்காலத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். மறுநாள் கடற்கரையில் அவரைக் கண்டு வருத்தம் தெரிவித்தோம். “தம்பிமார், கிழிஞ்ச வலையைப் பின்னுற கை எனக்கு நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் ஒருத்தரும் நாடகத்தில காட்டுறதில்லை?” என்று கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடுவதே இவ்வுரை.

இப்பழக்கம் திரைப்படத்தோடு தோன்றியதன்று. இராமகதையிலே கூனியின் முதுகு வளைவு அவள் மனக்கோணலுக்கு அடையாளமாயிற்று. ஆயினும் பெரியபுராணத்தில் தண்டியடிகளையும் காண்கிறோம். கண்ணில்லாத அவர், திருவாரூர்க் குளத்தில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிச் சென்று மண் சுமந்தார். இரக்கத்துக்காக நிற்பவராக அன்றி, வழி கண்டு வேலை செய்பவராக அவர் காட்டப்படுகிறார். அக்கதையும் அவர் கண் பெறுவதாகவும், எதிர்த்தோர் கண் இழப்பதாகவுமே முடிகிறது. குறையைத் தண்டனையாகக் கருதும் எண்ணம் அத்துணை ஆழமானது.

திரைப்படமும் அவ்வழியே வந்தது. 1959 இல் வெளிவந்த ‘பாகப்பிரிவினை’யில் கையும் காலும் முடங்கிய கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்தபோது ஊரே கண்ணீர் விட்டது. கதை முடியுமுன் அவர் குறை நீங்கிவிடுகிறது. குறை தீர்ந்தாலன்றி வாழ்வு நிறையாது என்பதே அதன் பொருள். 2007 இல் வந்த ‘மொழி’யில் ஜோதிகா ஏற்ற பாத்திரத்துக்குச் செவியும் பேச்சும் இல்லை, கோபமும் தன்மானமும் உண்டு. கடைசிவரை செவி திறக்கவில்லை. ஆயினும் வாழ்வு நிறைகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண்களின் நிலை என்ன? மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று எத்தனை படங்கள் கற்பித்தன! திருநங்கையரின் நிலை இன்னும் கொடிது. 2015 இல் வெளிவந்த ‘ஐ’ படத்தில் அவர்கள் அருவருப்புக்குரியோராகக் காட்டப்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. 2019 இல் திரைக்கு வந்த ‘பேரன்பு’வில் திருநங்கையான அஞ்சலி அமீரே திருநங்கை பாத்திரத்தை ஏற்று நடித்தார். ஏளனச் சொற்களை ஒழிக்க, மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 இல் அரசிதழில் வெளியிட்டது.

‘இதெல்லாம் நமக்கு எதற்கு?’ என்று பெரியோர் சிலர் கேட்கலாம். ஷியாம் செல்வதுரை 1994 இல் எழுதிய ‘ஃபனி போய்’ நாவல், ஆண்களை விரும்பும் ஓர் ஈழத்தமிழ்ச் சிறுவனின் கதை. அது 2020 இல் திரைப்படமானபோது, ஈழத்தமிழ் நடிகர் போதிய அளவில் இல்லை, பேசும் தமிழும் எம்மவர் தமிழன்று என்று தமிழர் பலர் மனம் நொந்தனர். நியாயமான நோவுதான். நம்மைப் பிழையாகக் காட்டினால் நமக்கு நோகுமாயின், நாம் பிழையாகக் காட்டுவோருக்கும் நோகாதா? அக்கதைச் சிறுவனைப் போன்ற பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கலாம். அவர்கள் வாய் திறவாதிருப்பதற்கு நம் சிரிப்பும் ஒரு காரணம்.

சிரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்வை விளங்க வைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. அவ்வேறுபாட்டை அறிய நமக்கு நீதிமன்றம் தேவையில்லை. யாரைப் பற்றிச் சிரிக்கிறோமோ அவரும் உடனிருந்து சிரிக்க முடியுமா என்று கேட்டாலே போதும்.

ஆகவே எமது சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒருவரின் உடலையோ பால் இயல்பையோ சிரிப்புக்குப் பொருளாக்கும் காட்சி இம்மேடையில் இனி வேண்டாம். அத்தகையோரைப் பற்றி நாடகம் எழுதினால், அரங்கேறுமுன் அவர்களிடமே வாசித்துக் காட்டுவோம்.

இவ்வாண்டு நாடகத்தில் நடிக்குமாறு அந்த வலைகாரரை அழைத்தோம். “நடிப்பு எனக்கு வராது, எழுதினதைக் கொண்டு வாருங்கோ, பார்க்கிறன்” என்றார். பார்த்து மூன்று இடங்களில் திருத்தமும் சொன்னார். அவற்றில் ஒன்று, எமக்குத் தோன்றாத நல்ல நகைச்சுவை. இன்று நீங்கள் சிரிக்கப் போவது அதற்கே.