கத்தியும் கணக்கும்

சண்டைப் படங்களைப் பற்றிப் பேச எனக்கு யாதொரு தகுதியும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பகல் முழுதும் சுற்றறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றிவிட்டு, மாலையில் மாட்டுங்காவுக்குத் திரும்பி அடுப்பை மூட்டும் ஒருத்திக்குக் கொலையிலும் கொள்ளையிலும் வாட்போரிலும் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். அக்கறை என் மகனுடையது. அவனுக்குப் பதினைந்து வயது. விடுமுறை நாட்களில் அவன் போடும் படங்களை அடுக்களையிலிருந்து அரைக்கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். பிறகு கரண்டியும் கையுமாகக் கூடத்தில் வந்து நின்றேன். இப்போது அவனுக்கு முன்பே உட்கார்ந்துவிடுகிறேன். அவ்வளவுதான் என் சினிமாக் கல்வி.

என் தகப்பனார் காலத்தவருக்குச் சண்டை என்றால் எம்.ஜி.ஆரும் நம்பியாரும்தான். 1951-இல் வந்த 'சர்வாதிகாரி'யையும் 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தையும் அவர்கள் எத்தனை தடவை பார்த்தார்கள் என்பதை அவரவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எதிரியின் கையிலிருந்து வாள் நழுவி விழுந்தால், அதை எடுத்து அவனிடமே கொடுத்துப் புன்னகையோடு மறுபடியும் தொடங்குவது எம்.ஜி.ஆருடைய மரபு. அந்தச் சண்டையை நாட்டியத்துக்கு அடுத்த வீடு என்று சொல்லலாம். அதில் உயிர்ச்சேதம் மிகக் குறைவு.

இப்போது வரும் படங்கள் அப்படியல்ல. அண்மையில் ஒரு படத்தில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று என் மகன் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணினான். எண்பத்து மூன்றாவது ஆளோடு கணக்குத் தவறிவிட்டது. ஏனெனில் அடுத்து ஒரு கட்டடமே வெடித்தது. அரசாங்க உத்தியோகத்தில் பழகிய எனக்கு வேறுவிதமான சந்தேகம் வந்தது. வில்லனிடம் வேலை பார்த்து, கதாநாயகனிடம் அடிபட்டுச் செத்துப்போகும் இந்த எண்பத்து மூன்று பேருக்கும் மாதச் சம்பளமா, நாட்கூலியா? இறந்தவனுடைய மனைவிக்கு ஏதாவது உண்டா? மகன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதன் பிறகு சண்டைப் படம் எதைப் பார்த்தாலும், அது தன் பிணங்களைக் கணக்கில் வைத்துக்கொள்கிறதா என்றே கவனிக்கலானேன்.

அந்த நோக்கோடு பார்க்கும்போதுதான் ஜப்பானியப் படங்கள் எனக்குப் பிடிபட்டன. அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தில் ஒரே வாட்சண்டை இருமுறை வருகிறது. கொள்ளைக்காரன் தன் வாயால் சொல்லும்போது அது இரண்டு வீரர்களின் கம்பீரமான போர். மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி சொல்லும்போது அதே இருவரும் கை நடுங்குகிறார்கள், தடுக்கி விழுகிறார்கள், மூச்சிரைக்கிறார்கள். பயத்தினால் எங்கேயோ வெட்டுகிறார்கள். முதற்சண்டையைத்தான் நாம் ஆயுள் முழுதும் திரையில் பார்த்து வந்திருக்கிறோம். இரண்டாவதைப் பார்த்தபோது என் கையிலிருந்த கரண்டி சற்று நடுங்கியது என்று சொன்னால் நேயர்கள் நம்பவேண்டும்.

இந்தப் படத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிந்ததே. வீணை எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் 'ராஷோமோன்' பார்த்துவிட்டு, அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தாராம். இது மிகவும் புரட்சிகரமானது என்று வானொலியார் திருப்பிவிட்டார்களாம். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த நாடகமே ஏவி.எம். தயாரிப்பில் 1954-இல் 'அந்த நாள்' என்ற படமாயிற்று. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையுமில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் ஒரு வானொலிப் பொறியாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது என்பதே கதை. மூன்று மணி நேரத்தில் எண்பத்து மூன்று பேர் சாகும் படத்தில் எவனுக்கும் இல்லாத மரியாதை, இந்த ஒரே ஒரு பிணத்துக்குக் கிடைக்கிறது. அவன் எப்படிப்பட்டவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவன் தேசத்துரோகி என்பதும் தெரிகிறது. அவனைத் துரோகத்தின் பக்கம் தள்ளிய ஏமாற்றமும் தெரிகிறது.

இனி சாமுராய். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் கையில் கிடைத்தால் அதைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. 'சாமுராய்' என்ற சொல், அருகிருந்து பணிசெய்தல் என்று பொருள்படும் பழைய ஜப்பானிய வினையிலிருந்து பிறந்தது என்பார்கள். இதற்குத் தமிழில் அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு சொல் இருக்கிறது: சேவகன். பழைய இலக்கியத்தில் சேவகன் என்றால் வீரன். சேவகம் என்றால் வீரம். நம் காலத்துக்கு வந்தபோது அவன் டவாலி போட்டுக்கொண்டு அதிகாரியின் அறைவாசலில் நிற்பவனாகிவிட்டான். வீரமும் ஊழியமும் ஒரே சொல்லுக்குள் இருந்தது நமக்கு மறந்துபோயிற்று. சிங்கம்புணரியிலே கோயில் கொண்டிருக்கும் சேவுகப்பெருமாள் அய்யனார் மட்டும் மறக்கவில்லை.

குரோசாவா 1954-இல் எடுத்த 'ஏழு சாமுராய்' இப்படிப்பட்ட சேவகர்களின் கதை. அறுவடைதோறும் கொள்ளையர் வந்து வாரிச்செல்லும் ஒரு மலைக்கிராமத்துக் குடியானவர்கள், எசமானை இழந்து திரியும் வாள்வீரர்களைத் தேடிக் காவலுக்கு அழைத்து வருகிறார்கள். கொடுக்கப் பணம் இல்லை. வேளைக்கு அரிசிச் சோறு, அதுதான் கூலி. தாங்கள் சிறுதானியம் தின்றுகொண்டு வீரர்களுக்கு அரிசி போடுகிறார்கள். படம் 207 நிமிஷம் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் சண்டைக்கான ஆயத்தம்தான்: வேலி கட்டுவது, வயலில் நீர் நிறைப்பது, மூங்கிலைக் கூராக்கிக் குடியானவன் கையில் கொடுத்து நிற்கப் பழக்குவது. தலைவனான முதியவர் ஒரு தாளில் கொள்ளையர் எண்ணிக்கைக்கு வட்டங்கள் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் விழும்போதும் ஒரு வட்டத்தை அடிக்கிறார். அதைப் பார்த்ததும் என் மகன் தன் கோடு போட்ட காகிதத்தை நினைத்துக்கொண்டான். ஏழு வீரர்களில் நால்வர் மடிகிறார்கள். வாள்வித்தையில் இணையற்றவனும் அதில் ஒருவன். நால்வரில் ஒருவர்கூட வாளால் சாகவில்லை. கொள்ளையரிடம் இருந்த மூன்றே துப்பாக்கிகள் அவர்களை முடித்துவிடுகின்றன. இதை முதன்முறை பார்த்தபோது நான் கவனிக்கவேயில்லை. மகன்தான் சொன்னான்.

மாட்டுங்காவில் இருந்துகொண்டு கொலைப் படங்களைப் பற்றிப் பேசும் எவரும் 'நாயகன்' பக்கம் வராமல் தப்பமுடியாது. மணிரத்னம் இயக்கி, கமல்ஹாசன் நடித்து, 1987 தீபாவளிக்கு வந்த படம். நான் தமிழச்சி, மாட்டுங்காவில் குடியிருக்கிறேன் என்று சொன்னவுடனே, அலுவலகத்தில் வடநாட்டு நண்பர்கள் "ஓகோ, அந்தப் படத்து ஊரா!" என்பார்கள். இவ்வூரில் தமிழர் நடத்திய பள்ளிகள் உண்டு, கல்லூரி உண்டு, சண்முகானந்த சபை உண்டு. கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ப்படங்களுக்கென்றே பெயர்பெற்ற அரோராத் திரையரங்கு உண்டு. 2016-இல் 'கபாலி' வந்தபோது விடிவதற்கு முன்பே அங்கே கூடிய கூட்டம் மறக்கக்கூடியதல்ல. இத்தனை இருந்தும், பெயர் மட்டும் அந்த ஒரு படத்தினால்தான். படத்தில் நாம் காணும் தாராவியில் பெரும்பகுதி, தோட்டா தரணி சென்னையில் போட்ட அரங்கம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சற்று ஏமாற்றமடைகிறார்கள்.

கதைக்குத் தூண்டுதலாக இருந்தவர் வரதராஜ முதலியார். தெற்கேயிருந்து வந்து ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். கள்ளச்சாராயத்தால் பெரும்புள்ளியானவர் என்று பத்திரிகைகள் எழுதின. மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் போட்ட விநாயக சதுர்த்திப் பந்தலைப் பழைய குடிகள் இன்றும் வருணிப்பார்கள். படம் வந்த அடுத்த ஆண்டு, 1988-இல், அவர் காலமானார்.

'நாயகன்' பிணக்கணக்கு வைத்துக்கொள்ளும் படமா என்று என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வைத்துக்கொள்கிறது என்றே தோன்றியது. வேலு நாயக்கர் போலீஸ்காரர் ஒருவரைக் கொல்கிறார். அந்தப் போலீஸ்காரருக்கு மனைவி இருக்கிறாள், அறிவு வளராத ஒரு பிள்ளை இருக்கிறான். இருவரும் படத்தைவிட்டுப் போவதில்லை. நாயக்கருடைய மனைவி போகிறாள், மகன் போகிறான், மகள் வெறுத்துப் பிரிகிறாள். கடைசியில் நீதிமன்றம் விட்டுவிட்ட கணக்கை அந்தப் பிள்ளை தீர்த்துவிடுகிறான். நன்றாகத்தானே எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். 1965-இல் பன்னிரண்டு வயதில் தமையனாரோடு தாராவிக்கு வந்து, இன்றும் அங்கேதான் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகைக்கு நின்றபோது, "அண்ணாச்சி, 'நாயகன்' பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் முழம் போட்டுக்கொண்டே, "அதுலே எங்க அண்ணன் வாரானா அம்மா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். தமையனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1974-இல் தீபாவளிக்கு மறுநாள் சாராயம் குடித்து, மாலையில் கண் தெரியவில்லை என்றார், விடிவதற்குள் போய்விட்டார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஊரில். எவன் காய்ச்சிய சாராயமோ, யாரும் விசாரிக்கவில்லை. பம்பாய் மாகாணத்து மதுவிலக்குச் சட்டம் 1949-இலிருந்து ஏட்டில் இருந்தது. சேரிகளில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. அந்த நாளில் எந்தச் சந்தில் விழுந்து கிடந்தவன் யார் என்று யார் எழுதி வைத்தார்கள்? "படத்துலே அவன் வரமாட்டான். அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?" என்று சொல்லிப் பூவை இலையில் மடித்துக் கொடுத்தார்.

படத்தில் நாயகனுக்கு எதிரே நின்றவனுக்குக் கணக்கு உண்டு. நாயகனுடைய சொந்தக்காரருக்கும் உண்டு. அவனுடைய சரக்கை வாங்கிக் குடித்தவனுக்கு ஒரு கோடுகூட இல்லை. எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தும் எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று அன்றிரவு வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அண்ணாச்சியை வீட்டுக்கு அழைத்து 'ஏழு சாமுராய்' போட்டோம். ஆங்கில எழுத்துக்கள் கீழே ஓட, நான் அவற்றைத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் உத்தியோகத்தில் மூன்றரை மணி நேரம் ஒருவர் என் மொழிபெயர்ப்பை இமைகொட்டாமல் கேட்டது அதுவே முதல் தடவை. சாமுராய்க்குச் சேவகர் என்றேன். "எல்லையிலே குதிரைமேல நிக்கிற சாமி மாதிரின்னு சொல்லு" என்றார் அவர். குடியானவர்கள் சிறுதானியத்தைத் தின்றுகொண்டு அரிசியை வீரர்களுக்கு எடுத்துவைக்கும் இடத்தில், நான் சொல்வதற்கு முன்பே தலையை ஆட்டினார். வாட்சண்டைகளில் அவருக்கு அவ்வளவாகச் சுவாரசியம் இல்லை. அந்த நேரத்தில் காப்பியைக் குடித்து முடித்தார்.

தலைவர் வட்டங்களை அடிக்கும் காட்சியில், "அது யாரு கணக்கு?" என்று கேட்டார். கொள்ளையர் கணக்கு என்றேன். "ஊர்க்காரன் செத்தானே, அவனை எங்கே எழுதுதாரு?" என்றார். என் மகன் என்னைப் பார்த்தான். அந்தத் தாளில் ஊர்க்காரனுக்கு வட்டம் இல்லை.

முடிவில் எஞ்சிய மூவர் சமாதிகளின் அருகே நிற்கிறார்கள். வென்றவர்கள் குடியானவர்களே, நாமல்ல என்று தலைவர் சொல்லுகிறார். கீழே வயலில் பறையும் பாட்டுமாக நெல் நடவு நடக்கிறது. அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தாமிரவருணிக் கரையில் தம் தாயார் நடவுக்குப் போன வயலை அவர் விட்டு அறுபது வருஷம் ஆகிறது. பெண்கள் நிரையாகக் குனிந்து நிற்பதைப் பார்த்து, ஒன்று இரண்டு என்று விரலை மடக்கினார். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டோம். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்குத் தாதர் பூச்சந்தைக்குப் போகவேண்டும் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் மகன் அவரைக் கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவந்தான்.